பக்கத்து இருக்கைக்கான காப்பீடு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதம் போட்டால் பதில் எழுதுவாய் என்று நம்பித்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

வண்டி வந்து சேர்ந்தது. நீ அனுப்பிய டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "புது வண்டி மாதிரி இருக்கும்மா, அடிபட்ட வண்டின்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க" என்றார். உண்மைதான். ஆறு மாதத்துக்கு முன் மழையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிய வண்டி இது என்று யாரால் சொல்ல முடியும்? கண்ணாடி புதிது, டேஷ்போர்டு புதிது, பக்கத்துக் கதவு புதிது. சிட்டு மட்டும்தான் இல்லை. உன் மனைவியைப் பற்றி இப்படி எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அவளை இந்தத் தெருவிலிருந்து பார்த்து உனக்குக் கட்டிவைத்தவள் நான். அவள் பெயரை நானும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எனக்கு வண்டி பெரிய உதவி. புண்ணுக்குக் கட்டு மாற்ற வீடு வீடாக ஏறி இறங்கும் நர்ஸுக்கு, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பாதி வேலை. இப்போது அது மிச்சம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டும் இடத்தில் ஒரு இரும்புக் கொக்கி செருகியிருந்தது. பெல்ட்டே இல்லாமல் வெறும் கொக்கி. எதற்கென்று புரியவில்லை, பிடுங்கி ஆணிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அன்று முதல் வண்டி ஓட ஆரம்பித்தால் கீங் கீங் என்று ஒரே சத்தம்.

இரண்டாவது, பாலிசி ஏப்ரலில் முடியப் போகிறது, என் பெயருக்கு மாற்றிப் புதுப்பிக்க வேண்டும். ஆபீஸில் கொடுத்த தாளைப் படித்தால் தலை சுற்றுகிறது. நாலு வகைக் காப்பீடு என்கிறார்கள். உடைந்த வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவதுதானே உன் தொழில்? வீட்டில் சர்வேயரை வைத்துக்கொண்டு நான் ஏன் முழிக்க வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிக்கு என்ன தைலம் போட்டாலும் போடாவிட்டாலும், மாடிப்படி ஏறுவதைக் குறை. நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடத்தைக் கேள். முதல் வகை, தேர்டு பார்ட்டி. இது உனக்காக இல்லை, ஊருக்காக. நீ யார் மேலாவது ஏற்றினாலோ, யார் வீட்டுச் சுவரையாவது இடித்தாலோ அவர்களுக்குக் கொடுப்பது. சட்டப்படி கட்டாயம். உன் வண்டிக்கு இதிலிருந்து ஒரு பல்புகூடத் தேறாது. பலர் இதை மட்டும் கட்டிவிட்டு, முழு பாலிசி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார்கள்.

இரண்டாவது, ஓன் டேமேஜ். இது வண்டிக்கு. மோதினால், எரிந்தால், மூழ்கினால், களவு போனால். ஆனால் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் தேய்மானம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கொஞ்சம் கூடக் கட்டினால் கழிக்க மாட்டார்கள். நீ வண்டியைத் திருப்பும் அழகை நான் பார்த்திருப்பதால் சொல்கிறேன், அதைக் கட்டாயம் கட்டு.

மூன்றாவது, வண்டிக்குச் சொந்தக்காரர் தானே ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆனால் கொடுப்பது. ஆர்.சி. புத்தகம் உன் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், லைசென்ஸ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. உன் லைசென்ஸை இன்றைக்கே எடுத்துப் பார். போட்டோவில் இருப்பது நீதான் என்று அவர்கள் நம்ப வேண்டும், அது வேறு கவலை.

சத்தத்துக்குக் காரணம், இருக்கைக்கு அடியில் பாரத்தை உணரும் தகடு. நீ அங்கே மருந்துப் பையை வைத்திருப்பாய். பின்னால் வை.

வேறு ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் டயரைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று படித்ததும்தான் மீதியைப் படித்தேன். நானும் சுகம். லைசென்ஸைப் பார்த்துவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறது. போட்டோவைப் பற்றிப் பேசாதே.

நாலு வகை கேட்டேன், மூன்றோடு நிறுத்திவிட்டாயே. பள்ளிக்கூடத்திலும் கடைசிக் கேள்வியைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவாய். அந்தப் பழக்கம் போகவில்லை. நாலாவதையும் எழுது. தாளில் 'பயணி' என்று ஏதோ போட்டிருக்கிறது.

பையைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. மெக்கானிக்கிடம் போனேன். அவர் பக்கத்து இருக்கையில் பெல்ட் போடாமல் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்கக்கா பாப்போம்" என்றார். தெருக்கோடிவரை போய் வந்தோம். சத்தமே இல்லை. அவர் இறங்கினார், நான் மட்டும் ஓட்டினேன். கத்தியது. மறுபடி ஏறி உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டு, "பெல்ட் போடாம ஆள் இருந்தா கத்தணும், ஆளே இல்லன்னா சும்மா இருக்கணும். உங்க வண்டி தலைகீழா இருக்கு. ஒயரை மாத்திக் குடுத்திருப்பாங்க" என்றார். இருக்கையைக் கழற்றிப் பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருக்கிறதாம்.

சிட்டுவின் அம்மா தெருவில் வண்டியைப் பார்த்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது அத்தைக்கு. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். "உன் வண்டில கூட்டிட்டுப் போறியா?" என்றார். உன்னிடம் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

பதில் போடு. கண்விழித்து வேலை செய்யாதே.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் கழுத்துவரை. ஒரு ஷெட் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய வண்டிகள். கதவைத் திறந்தால் சேறு வழிகிறது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது அக்கா, செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி உடையும், அதற்கு ஓன் டேமேஜில் பணம் கிடையாது. தனியாக எஞ்சினுக்கு என்று எடுத்திருந்தால் உண்டு. இதைச் சொன்னால் எல்லோரும், "ஒரு தடவதான் சார் சாவியப் போட்டேன்" என்கிறார்கள். ஒரு தடவை போதும்.

ஒயர் மாறி வேலை செய்யாது. சத்தம் தொந்தரவாக இருந்தால் அந்த ஒயரையே வெட்டச் சொல். ஒன்றும் கெட்டுப் போகாது.

அத்தையைக் கூட்டிப் போக ஒப்புக்கொண்டது நல்லது. கண் எப்படி இருக்கிறது?

அது எப்போது கத்துகிறது? ஏறி உட்கார்ந்ததுமேவா, வேகம் எடுத்த பிறகா? நிறுத்தினால் நிற்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் எழுத்து முன்பு இப்படிச் சாய்ந்திருக்காது. சரியாகத் தூங்குகிறாயா?

கேட்டாய், சொல்கிறேன். ஏறி உட்காரும்போது ஒன்றும் இருக்காது. தெரு திரும்பி வேகம் எடுத்ததும் ஆரம்பிக்கும். முதலில் மெதுவாக, விட்டு விட்டு. நான் கண்டுகொள்ளாவிட்டால் வேகமாக. சிக்னலில் நின்றால் நிற்கும். கிளம்பினால் மறுபடி. நோயாளி வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு முறை கத்தி ஓய்ந்திருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். யாரிடம் சொல்கிறேன் என்று கேட்காதே. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான். ஆனாலும் ஒயரை வெட்ட மனம் வரவில்லை. குழந்தை அழுகிறது என்று வாயைப் பொத்தினால் ஆயிற்றா?

அத்தையைக் கூட்டிப் போனேன். முன்னால்தான் உட்காருவேன் என்றார். கையைத் தூக்க முடியாததால் பெல்ட் போடவில்லை. வண்டி மூச்சு விடவில்லை. ஒற்றைக் கண்ணால் டேஷ்போர்டைப் பார்த்தார், கையால் தடவினார். "இதுதானா?" என்றார். "ஆமா அத்தை." அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினேன், என் வாசல் வருவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது.

நாலாவது வகையை மறுபடியும் மறந்துவிட்டாய். அடுத்த வாரம் புதுப்பிக்கப் போகிறேன்.

அக்கா


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா? இரண்டு வரி போட்டாலும் போதும்.

இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கவுண்ட்டரில் சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்குக் கிடையாது மேடம். போன வருஷம் ஏதோ நடந்திருக்கு" என்றாள். ஏதோ நடந்துதான் இருக்கிறது என்றேன்.

நீ சொல்லித் தராததை அவள் சொல்லித் தந்தாள். நாலாவது வகை, வண்டியில் கூட வருகிறவருக்கானது. ஓட்டுகிறவரைத் தவிர மற்ற இருக்கைகளில் யார் உட்கார்ந்திருந்தாலும், பெயர் குறிப்பிடாமலே, அவர் உயிருக்கு உண்டு. எல்லோரும் எடுப்பதில்லையாம். பழைய பாலிசியில் நீ எடுத்திருக்கிறாய். வண்டியை ரிப்பேர் செய்ததற்கு கிளெய்ம் வந்திருக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். கதவுக்குக் கேட்டிருக்கிறீர்கள், கண்ணாடிக்குக் கேட்டிருக்கிறீர்கள். சிட்டுவுக்கு யாரும் கேட்கவில்லை.

"அவங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டா அவங்க அம்மா பேருக்கே வாங்கிக்கலாம் மேடம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துரணும்" என்றாள். ஆகஸ்டோடு முடிகிறது. அத்தைக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. மகள் இருந்த வரை மகள் பார்த்துக்கொண்டாள்.

நீ மறந்திருந்தால் போகட்டும். ஊரில் எத்தனை பேருக்கு இதை நினைவுபடுத்தி வாங்கிக் கொடுத்திருப்பாய். நீ மறந்தாய் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அத்தைக்கு மாதாமாதம் நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த கண்ணின் செலவும் என்னுடையது, டாக்டரிடம் சொல்லிவிடு. அந்தப் படிவத்தை விட்டுவிடு. வேறு என்ன வேண்டுமானாலும் கேள்.

வண்டியை வேண்டுமானால் விற்றுவிடு. நானே ஆள் பார்த்துத் தருகிறேன். எனக்கு வண்டி தேவையில்லை, எல்லா இடத்துக்கும் பஸ்ஸில்தான் போகிறேன். வண்டி பார்க்க வருகிற சர்வேயர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார் என்று ஒர்க்‌ஷாப்பில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்போதும் கத்துகிறதா?

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

கத்துகிறது. நான் விற்கப் போவதில்லை.

பிரேக்கில் ஏதோ உரசல் என்று மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஒரு திருகு தேவைப்பட்டது. ஆணிப் பெட்டியைக் கொடுத்தேன். அதில் கிடந்த கொக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வேற யூஸ் பண்றீங்களா நீங்க?" என்றார். எதற்கு அது என்று கேட்டேன். "பெல்ட் போடாம ஏமாத்துறதுக்குக்கா. இதைச் செருகிட்டா பெல்ட் போட்டாச்சுன்னு வண்டி நெனச்சுக்கும், கத்தாது. உசிருக்கு ஆகாதுக்கா இது, தூக்கிப் போடுங்க" என்றார்.

அவர் போன பிறகு வெகுநேரம் ஆணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். தெரியாத ஜனங்கள் செய்தால் தெரியாமல் செய்தார்கள் எனலாம். பிறகு, அந்தக் கொக்கியை எடுக்காமலே வண்டியை எனக்கு ஏன் அனுப்பினாய் என்று யோசித்தேன். மறதி இல்லை. அதைத் தொட உனக்குக் கை வரவில்லை. அதோடு கோபம் போய்விட்டது, அழுகைதான் மிச்சம்.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு வேலைதான். நாலாவது வகையை நீயே உன் கையால் எனக்கு எழுது. கவுண்ட்டர் பெண் சொன்னது போதாது.

சாப்பிடு. எதையாவது சாப்பிடு.

அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு இருக்கிறது. உன் முட்டி எப்படி?

நாலாவது வகை, வண்டியில் கூட வருகிறவருக்கானது. பெயர் எழுத வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அந்த இருக்கையில் யாரோ, அவருக்கு. பாலிசி போடும்போது இதை வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். வீட்டு ஆட்களுக்கு எதற்கு என்பார்கள். வீட்டு ஆட்கள்தான் அந்த இடத்தில் உட்காருவார்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

ஒரு ஆள் இருக்கிறான் என்று வைத்துக்கொள். உடைந்த வண்டி பார்ப்பதுதான் அவன் தொழில். முன்கண்ணாடியில் விரிசலைப் பார்த்தாலே அது வெளியிலிருந்து விழுந்ததா, உள்ளே இருந்தவர் தலை பட்டு விழுந்ததா என்று சொல்லிவிடுவான். உள்ளேயிருந்து என்றால் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒருத்தி. உயரம் குறைவு, பெல்ட் அவள் கழுத்தில் அறுக்கும். போடாவிட்டால் வண்டி கத்தும். அவள் கத்தலோடு சேர்ந்து பாடுவாள், சிரிப்பாள். அவனுக்குத் தலைவலி. ஒரு நாள் ஷெட்டில் கழித்துப் போட்ட வண்டி ஒன்றில் அந்தக் கொக்கியைப் பார்க்கிறான். எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அவள் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. அவனாகத்தான் கொண்டுவந்து செருகினான். அன்று வீடு வரைக்கும் வண்டி அமைதியாக வந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

பணம் வருமா என்று கேட்பாய். வரும். பெல்ட் போடாவிட்டாலும் வரும். ஓட்டியவன் குடித்திருந்தானா என்று கேட்பார்கள். லைசென்ஸ் இருந்ததா என்பார்கள். வாடகைக்கு ஓட்டினானா என்பார்கள். கொக்கி செருகியிருந்ததா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நான் தேடிப் பார்த்தேன். நீ அனுப்பியதில் மட்டும் இல்லை, எல்லா கம்பெனிப் படிவத்திலும் தேடினேன். எங்காவது ஒரு வரியில் கேட்டிருந்தால் ஆமாம் என்று எழுதிவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, வண்டி பார்க்க வந்த சர்வேயர் என் சிநேகிதன், அவனும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான். அறிக்கையில் லாரிக்குப் பின்விளக்கு இல்லை என்று எழுதினான். அதுவும் உண்மைதான்.

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கெடு தாண்டுவதற்குள் கொடுத்துவிடு.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எழுதியதை ஒருமுறைதான் படித்தேன், மறுபடி படிக்கத் தெம்பில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அத்தையை ஆபீஸுக்கு அழைத்துப் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்டார்கள். பணம் வரக் கொஞ்ச நாளாகுமாம். கவுண்ட்டர் பெண் அத்தைக்கு நாற்காலி போட்டாள்.

திரும்பி வரும்போது அத்தை திடீரென்று, "அவ அன்னிக்கு பெல்ட் போட்டிருந்தாளா?" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவரே, "போட்டிருக்க மாட்டா. சின்னப் புள்ளையில சட்டை காலரைக்கூட கத்திரிக்கோலால வெட்டி எறிஞ்சிருவா. கழுத்துல எதுவும் பட்டா ஆகாது அவளுக்கு" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தன் மகள் பிடிவாதத்தால் போனாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை. சொல்வதானால் நீதான் வந்து சொல்ல வேண்டும். நான் சொன்னால் கோள் சொன்னதாகிவிடும்.

இப்போதெல்லாம் தெரு திரும்பும் வரை காத்திருப்பதில்லை. சாவியைப் போட்டதுமே கத்த ஆரம்பித்துவிடுகிறது. நோயாளி வீடுகளில், "அக்கா வருது, சத்தம் கேக்குது" என்கிறார்களாம். எனக்கு ஓட்டத் தெம்பு குறைந்துகொண்டே வருகிறது. அவள் கேட்பது என்னை இல்லை என்று தோன்றுகிறது.

வா. ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதே. உன் முட்டியோடு பஸ் நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டதற்கு நன்றி சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

உன் வீட்டில் நான் பேசியது ரொம்பக் குறைவு. அத்தை வீட்டில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். நீ கட்டு மாற்றக் கிளம்பிப் போன பிறகு அவர் வீட்டுக்கு நடந்து போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கேட்கவில்லை, நான்தான் கொண்டுவந்து செருகினேன் என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ஆபரேஷன் செய்த கண்ணால் நன்றாகத் தெரிகிறது அவருக்கு. பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை. நான் திரும்பி வரும் வரை திறக்கவில்லை. இனி திறக்குமா என்று எனக்குத் தெரியாது.

பஸ் நிலையத்துக்கு வரும்போது நான் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் உன் முகம் மாறியது. "பெல்ட் போடு" என்றாய். நான் போடவில்லை. கத்துமா என்று காத்திருந்தேன். ஒரு ஆள் உட்கார்ந்தால் கத்தாது என்று நீ எழுதியது நினைவிருந்தது, இருந்தாலும் எனக்குக் கத்தும் என்று நினைத்தேன். தெரு திரும்பியது, வேகம் எடுத்தது, ஒன்றுமில்லை. நீ அழுதுகொண்டே ஓட்டினாய். நான் அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இடம் இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்றுதான் வழி நெடுக எனக்குப் பதைப்பு.

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. கண்டக்டர் வந்தார். "ரெண்டு குடுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "இன்னொருத்தர் எங்க சார்?" என்றார்.

"ஏறிட்டாங்க" என்றேன்.

அவர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பஸ் கிளம்பி வேகம் எடுத்தது. டிரைவர் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார், திடீர் திடீரென்று பிரேக் போட்டார்.

பஸ்ஸில் பெல்ட் கிடையாது அக்கா. அதனால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கையைக் குறுக்கே நீட்டி, ஜன்னல் ஓரத்தை அணைத்த மாதிரி வைத்துக்கொண்டேன். ஊர் வரும் வரை எடுக்கவில்லை. கை இன்னும் வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வண்டி சத்தம் போடுகிறதா, இல்லையா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
தம்பி